எழுத்து சும்மா நிற்கக் கூடாது

கோட்டாற்றில் ஒரு செருப்புக்கடை மாடியில் இருந்த லோக்கல் கேபிள் சானலில்தான் எனக்கு முதல் வேலை. இரண்டாயிரத்துப் பத்து வாக்கில். திருவனந்தபுரத்தில் ஒரு வருடம் மோஷன் கிராஃபிக்ஸ் படித்துவிட்டு வந்திருந்தேன். அங்கே சொல்லித் தந்தது ரொம்ப எளிமை. எழுத்து எங்கே கிளம்பும், எங்கே போய் நிற்கும் என்று இரண்டு இடத்தில் கீஃப்ரேம் என்ற புள்ளியை வைக்க வேண்டும். நடுவிலுள்ள ஓட்டத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். கிளம்பும்போது வேகம் பையக் கூட வேண்டும், நிற்கும்போது பையக் குறைய வேண்டும், ஸ்டாப்பில் நின்று கிளம்புகிற பஸ்ஸைப் போல. நின்றபின் ஆள் வாசித்து முடிக்கும்வரை அசையக் கூடாது.

இந்தக் கடைசிப் பாடத்தைச் சானல் நடத்திய அண்ணனுக்குப் புரியவைக்க என்னால் ஆகவே இல்லை.

"எழுத்து சும்மா நிக்கப்பிடாது மக்கா. பைசா குடுத்தவனுக்கு என்னவாவது ஆடணும்லா?" என்பார்.

அவரை மட்டும் சொல்லி என்ன? நகைக்கடைக்காரர் கடைப் பெயர் மூன்று சுற்று சுற்றிப் பொடிப்பொடியாகக் கொட்ட வேண்டும் என்றார். அதைப் பார்த்துவிட்டு பேக்கரிக்காரர் நான்கு சுற்று கேட்டார். சவம் தொலையட்டும் என்று சுற்றிவிட்டேன். நினைவஞ்சலியிலும் இதே கூத்துதான். இறந்தவர் படம் சுழன்று வரும், பின்னால் ரோஜா இதழ் கொட்டும். அது கல்யாண வீடியோவுக்கு வாங்கி வைத்திருந்த இதழ். யாருக்கும் ஒரு கூச்சமும் கிடையாது.

கடற்கரை ஊரிலிருந்து ஒரு பெண் தன் அப்பாவின் முதலாண்டு நினைவுக்குப் படம் கொண்டுவந்தாள். மூன்று நாள், தினமும் சாயங்காலம் பத்து செகண்டு. வழக்கம்போலச் சுற்றி, கொட்டி, அனுப்பினேன். மறுநாள் காலையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். அம்மா மீன் விற்கிறவர். மாதா கோயிலில் நடந்த முதியோர் கல்வி வகுப்பில் அந்த வருடம்தான் எழுத்துக் கூட்டப் படித்திருந்தார்.

"அவிய பேர வாசிக்கதுக்குள்ள பறந்து போவுது மக்ளே. நான் வாசிக்கணும்னுதான் டிவில போடச் சொன்னேன்."

"தாள்ல எழுதித் தரட்டா?"

"தாளுல வேண்டாம். டிவில வரும்ப வீட்டுல எல்லாரும் இருப்பாவ."

பெயரை மானிட்டரில் நிறுத்தி வாசிக்கச் சொன்னேன். புனிதர் பெயரும் குடும்பப் பெயருமாக நீளமான பெயர், நடுவில் 'ஸ்' வேறு. விரலை வைத்து, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் போனார். பதினெட்டு செகண்டு. சுற்றல், இதழ் எல்லாவற்றையும் தூக்கி எறிந்தாலும் எட்டு செகண்டு குறைகிறது. எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. வாசிக்கத்தானே எழுத்து!

அண்ணனிடம் போனேன். "பதினெட்டு செகண்டு ஒரு பேரு சும்மா நிக்கதா? ஒனக்கு கிறுக்கு பிடிச்சிருக்கா?" என்றார்.

"செத்துப்போன மனுசன் எதுக்கண்ணே சுத்தணும்?" என்று கத்திவிட்டேன்.

அவர், "என்னவாவது செய்யி" என்று டீ குடிக்க இறங்கிப் போய்விட்டார். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, ஒரு புள்ளிகூட அசையாமல் இருபது செகண்டு வைத்தேன்.

அன்று சாயங்காலம் அது டிவியில் போனதுதான் தாமதம், போன் மேல் போன். டிவி ஹேங் ஆயிட்டு, கேபிள் கட் ஆயிட்டு, ஆபீசில் ஆள் இருக்கியளா இல்லையா. அண்ணன் ஒவ்வொரு போனையும் வேண்டுமென்றே என் கையில் தந்தார். எனக்குக் கோபமும் வெப்ராளமுமாகத் தலைக்கு ஏறியது. அடுத்த போன் மணி அடித்ததும் எடுத்த எடுப்பிலேயே, "டிவிக்கு ஒண்ணும் ஆகல்ல, வச்சிட்டுப் போங்க!" என்றேன்.

"அக்கா, நான்தான்" என்றாள் அந்தப் பெண். "அம்ம முழுசா வாசிச்சிட்டா. சத்தமா. அப்பாக்க பேர அவ வாயால சொல்லி நாங்க இன்னைக்குத்தான் கேக்கோம்."