துடக்கு வீட்டுக்கு வந்த ராசா

நேற்றுப் பேத்தியின் பள்ளி நாடகத்துக்கு முகச்சாயம் பூசியபோது எழுந்த தேங்காயெண்ணெய் வாசத்தில், துணுக்காயில் எங்கள் முற்றத்தில் வாய்பிளந்து நின்ற சிறுபிள்ளையாகிப் போனேன்.

கோயில் கூத்தென்றால் எங்கள் சின்னம்மா முன்னால் பாய் போட்டிருந்து, ராசா வேசம் கட்டும் கந்தையாண்ணர் வாய் திறக்க முன்னமே பாட்டை முணுமுணுப்பா. அந்த வருசம் அவ எங்கள் வீட்டில் பிள்ளை பெற்ற துடக்கு, அந்தத் தீட்டோடு கோயில் பக்கமே போகக்கூடாது. மத்தளச் சத்தத்தைத் தூரத்தில் கேட்டுக் கேட்டே அழுதா.

விடியப் படலையைத் திறந்துகொண்டு வந்தது ராசா! கிரீடமும் கண்ணாடி பதித்த உடுப்பும் வியர்வையில் வழிந்த சாயமுமாக முற்றத்தில் நின்று, வரவுப்பாட்டு முழுவதையும் ஆடிப் பாடினார். உள்வாசலில் சின்னம்மா பிள்ளையோடு விறைத்துப்போய் நின்றா.

"தங்கச்சி, குடிக்கத் தண்ணி தாங்கோ," என்றார் அம்மாவிடம்.

அம்மா பதறினா. "ஐயோ அண்ணை, துடக்கு வீடு! அயலுக்குள்ள ஒருத்தரும் இஞ்ச வாய் நனைக்கிறேல்லை."

"பிள்ளை, ராசாவுக்கு ஆர் துடக்குச் சொல்லுறது? முகம் கழுவின பிறகுதான் நான் கந்தையன்."

அண்ணாந்துகூடக் குடிக்கவில்லை மனுசன், செம்பில் வாய் வைத்தே குடித்தார். விளிம்பில் சிவப்புச் சாயம் ஒட்டியது.

துடக்குக் கழிவுக்கு வீடு முழுக்கக் கழுவியபோதும், அந்தச் செம்பைச் சின்னம்மா ஒருத்தரையும் தொட விடவில்லை.