வரப்பு தாண்டிய கரண்ட்

மூங்கில் கம்புகள் நட்டு, வரப்புக்கு மேலே சித்தப்பா இழுத்த அந்த மின்கம்பியை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. பாலக்காட்டுக்குக் கிழக்கே, எல்லையோரம் எங்கள் தோட்டம். வீடும் களமும் கேரளத்தில். வரப்புக்கு அப்பால் கிணறும் மோட்டாரும் தமிழ்நாட்டில். எழுபதுகளில் அங்கே பல குடும்பங்களுக்கு நிலம் இப்படித்தான் கிடந்தது. கிணற்றுத் தண்ணீர் தினமும் மாநிலம் தாண்டி வந்து எங்கள் மிளகாய்க்கும் கடலைக்கும் பாய்ந்தது. யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சித்தப்பா இலங்கையில் சின்னதாக எண்ணெய் மில் வைத்திருந்தவர். அயல்நாட்டுக்காரராக இருந்தும் அங்கே ஒரே ஆபீசில் லைசென்ஸ் கிடைத்ததாம். பிறகு அதே ஆபீஸ், குடியுரிமை இல்லையென்று மில்லைப் பூட்டி அவரைக் கப்பலேற்றிவிட்டது. சொந்த மண்ணில் அந்தப் பயமில்லை என்று நம்பி, கையிலிருந்ததையெல்லாம் போட்டு கடலை எண்ணெய் ஆட்டும் மிஷின் வாங்கினார். களத்தோரம் கொட்டகை போட்டார். கேரளத்து மின் ஆபீசில், முதலில் பஞ்சாயத்து அனுமதி வாங்கி வா என்றார்கள். பஞ்சாயத்திலோ, முதலில் மின் இணைப்பு வாங்கி வா என்றார்கள். மனிதர் செருப்புத் தேய நடந்தார். அதற்குள் கடலை பிடுங்கும் காலம் வந்துவிட்டது. பொறுமை போய், கிணற்று மோட்டாரிலிருந்தே கம்பி இழுத்துவிட்டார்.

"தண்ணி வர்ற வழியில கரண்ட்டு வந்தா என்னங்ணா தப்பு?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பாவுக்கும் அது நியாயமாகவே பட்டது. எங்களுக்கு வரப்பு வெறும் வரப்புதானே.

ஒரு வாரம் மிஷின் ஓடியது. அக்கம்பக்கத்தார் வண்டி வண்டியாகக் கடலை கொண்டுவந்தார்கள். ஊர் திரும்பியபின் சித்தப்பா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த வாரம்தான். அப்புறம் தமிழ்நாட்டு மின் ஆட்கள் வந்து, வேறு மாநிலத்துக்குக் கரண்ட் கடத்துகிறீர்கள் என்று கம்பியை அறுத்தார்கள். கிணற்று இணைப்பையும் பிடுங்கினார்கள். மறுநாள் கேரளத்தார் வந்து, அனுமதியில்லாமல் மில் ஓட்டியதற்குக் கொட்டகையைப் பூட்டினார்கள். இரண்டு அரசாங்கமும் வேறெதிலும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்து நான் கண்டதில்லை. தண்ணீரில்லாமல் மிளகாய்ச் செடி அத்தனையும் வாடிப்போயின.

மிஷினைப் பொள்ளாச்சிக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார். அதை ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டுமென்று சித்தப்பாவையே சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார். முதல் நாள் அவர் பஸ்ஸுக்குப் போனபோது எதிரே போய் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுவருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை என்றும் பாராமல், பஞ்சாயத்து பியூன் சைக்கிளில் வந்தார். நல்ல மனிதர். அனுமதி வந்துவிட்டது, நாளைக்கே மில்லைத் தொடங்கலாம் என்று மலையாளத்தில் சந்தோஷமாகச் சொன்னார். சித்தப்பா அவரை உட்காரவைத்து மோர் கொடுத்தார்.

"நாளைக்கு வேலைக்குப் போகோணுங்க," என்றார். "ஞாயித்துக்கெழம மட்டுந்தானுங்க எனக்கு லீவு."