தம்பியோடு பேஸ் கேட்டது

பேஸ் என்றால் காதுக்குள் எவனோ கதவைத் தட்டுவது என்று நினைத்துக்கொண்டிருக்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. இணையத்தில் இயர்போன்களை ஒப்பிட்டுப் பேசுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தக் கூட்டம்தான். "மச்சி, பேஸ் சும்மா அள்ளுது" என்பார்கள். எதை அள்ளுகிறது, எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எரிச்சல் வந்துதான் நானும் என் தம்பியும் எங்களுக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டோம்.

முறை ரொம்பச் சுலபம். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். மற்றவர் இயர்போனைக் காதில் மாட்டிவிட்டு, எப்போதும் கேட்கிற அதே பாட்டுகளை அதே வரிசையில் போட வேண்டும். முதலில் உருமி அடிக்கிற ஒரு பாட்டு. அடுத்து ஒரு குத்துப்பாட்டு. கடைசியில் ஒரு பெண் குரல், அதற்குப் பின்னால் பேஸ் கிட்டார் மட்டும் மெதுவாக நடந்து வரும். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் இதைவிட நல்ல பாட்டு இருக்கிறது என்று சண்டைக்கு வருவீர்கள். எல்லா இயர்போனிலும் சத்தம் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பது தம்பியின் கண்டிப்பு. கொஞ்சம் சத்தம் கூடினாலே காது அதுதான் நல்லது என்று சொல்லிவிடும், பாதி ஏமாற்று வேலை அங்கேதான் நடக்கிறது என்பான். கேட்டு முடிக்கிறவரை விலை என்ன, எந்தக் கம்பெனி என்று மூச்சுவிடக் கூடாது.

அவனுக்கு ரிக் வண்டித் தொழில். போர்வெல் போடுகிற லாரியை ஓட்டிக்கொண்டு வடக்கே போனால் வருஷத்தில் பெரும்பகுதி அங்கேதான். மழைக்காலத்தில் வேலை நின்றால்தான் எடப்பாடிப் பக்கம் இருக்கிற எங்கள் ஊருக்குத் திரும்புவான். திரும்பும்போது ஒரு பை நிறைய இயர்போன் இருக்கும். அம்மாவைப் பார்க்கப் போகும் முன்பே சேலத்தில் இறங்கி, ஃபேர்லேண்ட்ஸில் என் வாடகை வீட்டுக் கதவைத் தட்டுவான். நான் அப்போதும் இப்போதும் ஒரு ஜவுளிக்கடையின் ஆன்லைன் ஆர்டர்களைப் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். கதவைத் திறந்தால் "நல்லா இருக்கியா" என்றுகூடக் கேட்க மாட்டான்.

"அக்கா, காது சும்மாதான இருக்குது? ஒக்காரு."

"ஏன்டா, கை கால் கழுவுடா மொதல்ல. மேலெல்லாம் ஒரே மண்ணு."

"மண்ணு எங்கீமு போயிராது. இதக் கேளு."

எங்கள் ரசனை ஒத்துப்போனதே இல்லை. அவனுக்கு அடி வேண்டும். நெஞ்சில் வந்து மோத வேண்டும். எனக்கு அடிக்குப் பிறகு வருவது வேண்டும். உருமியைக் குச்சியால் தேய்க்கும்போது ஒரு முனகல் எழும்புமே, அது கீழே இறங்கி இறங்கிப் போய் எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டும். மலிவான இயர்போன்கள் அந்த முனகலைப் பாதியிலேயே அறுத்துவிடும். அடி மட்டும் ஊதிப்போய் நிற்கும். அந்த வீக்கத்தில் பெண் குரல் போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி ஆகிவிடும். கறுப்பு உலோகத்தில் ஒன்று கொண்டுவந்திருந்தான், அது அப்படித்தான். தம்பி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான்.

"இதப் போயி நல்லா இருக்குன்னு சொல்ற பாரு, உன்னைய என்ன பண்றது? பாடற புள்ள மூச்சுத் திணறிச் சாவுது."

"பாட்டக் கேக்கறதுக்கா பேஸ் இயர்போன் வாங்கறாங்க? அட போக்கா!"

கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற இன்னொன்று, கம்பியைக் காதுக்கு மேலே சுற்றி மாட்டுவது, அது என் கட்சி. அடி சின்னதாகத்தான் விழும், ஆனால் அடியின் வால் நீளமாக இருக்கும். "செத்த பாம்பாட்டம் கெடக்குது இது" என்று அவன் தூக்கிப் போட்டான். காது ரப்பரைப் பெரிய அளவாக மாற்றி, காதை நன்றாக அடைத்து மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டவன், "இருக்குது, இருக்குது, கீழ்க்கோடில இருக்குது" என்று ஒப்புக்கொண்டான். அன்று எனக்கு இருந்த பெருமை பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கியபோதுகூட இருந்ததில்லை.

இந்தப் பழக்கம் எப்படி ஆரம்பித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டிக்கொடுத்த வீட்டை விட்டு நான் வந்துவிட்டேன். ஏன் வந்தேன் என்பது என் சொந்த விஷயம், ஊருக்கு அதைச் சொல்ல எனக்கு இஷ்டம் இல்லை. ஊர் தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டது. வந்தவர் போனவரெல்லாம் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு அம்மாவிடம் குசுகுசுவென்று பேசினார்கள். 'வாழாவெட்டி' என்கிற வார்த்தை அடுத்த அறையிலிருந்து தெளிவாகக் கேட்டது. அப்போது தம்பிதான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ஒரு கேள்வி கேட்கவில்லை. பையிலிருந்து இரண்டு இயர்போனை எடுத்து, "இதுல எதுல பேஸ் நல்லா இருக்குது, சொல்லு" என்றான். நான் கேட்டுக்கொண்டே அழுதேன். அவன் பாட்டை நிறுத்தவில்லை, திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருந்தான். அப்பா இறந்துவிட்டிருந்தார். இந்த உலகத்தில் எனக்கென்று இவன் ஒருத்தன் இருக்கிறான், அது போதும் என்று அன்றைக்கு நினைத்தேன். முட்டாள்தனம், ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு அவனுக்குப் பெண் அமைந்தது. ராசிபுரத்துப் பெண், நல்ல பெண். அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் பக்கக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளைக்கு அவன் உடன்பிறந்தவள் செய்கிற சீர். கூறைச்சேலையின் ஒரு பக்கத்தை அவனும் மறுபக்கத்தை அவளுமாகப் பிடித்துக்கொண்டு நிற்க, சடங்கு நடத்துகிற பெரியவரான அருமைக்காரர் சீர் செய்துவைப்பார். மாப்பிள்ளைக்கு அடுத்தபடியாக அந்த மேடையில் மரியாதை உடன்பிறந்தவளுக்குத்தான். மணப்பெண்ணே அதற்குப் பிறகுதான். கூடப்பிறந்தவள் இல்லாதவனுக்குப் பெரியப்பன் சித்தப்பன் மகள் நிற்பாள். என் தம்பிக்கு நான் இருந்தேன். எந்தச் சேலை கட்டுவது என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன்.

அம்மா போனில் சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தாள். "அம்மிணி, பந்திய ஆரு பாக்கறதுன்னே தெரியல. நீ இருந்தாத்தான் சரியா வரும், சாமி."

"பாத்தாப் போச்சு. சீர் முடிஞ்சொடனே எறங்கி வந்தர்றேன்."

பிறகு சொன்னாள். "சீருக்குப் பெரியப்பன் புள்ள நிக்கட்டும், கண்ணு. குடும்பம் குட்டியோட இருக்கறவ நின்னா நல்லதுங்கறாங்க. ஒலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமா?"

அப்பா போனதிலிருந்து எந்த விசேஷத்திலும் அம்மா முன்னால் வந்து நின்றதில்லை. தூணோரமாக ஒதுங்கியே நிற்பாள். அதனால் அது எப்படி வலிக்கும் என்று அவளுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்துதான் சொன்னாள். நான் சண்டை போடவில்லை. தம்பி வாயைத் திறந்தால் ஊர் என்ன, அருமைக்காரர் என்ன, எவரும் ஒன்றும் சொல்ல முடியாது. மாப்பிள்ளை 'என் அக்காதான் நிற்கும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அவன் சொல்லுவான் என்று இருந்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் பத்திரிகைக் கட்டோடு சேலத்துக்கு வந்தான். வழக்கம்போல "அக்கா, ஒக்காரு" என்றான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கறுப்பு உலோகத்தை முதலில் மாட்டினான், அடுத்து என் கட்சி இயர்போன், மூன்றாவதாகப் புதிதாக ஒன்று. உருமி ஆரம்பித்ததுமே எனக்குக் கை சிலிர்த்துவிட்டது. அவனுக்கு வேண்டிய அடி இருந்தது, எனக்கு வேண்டிய முனகலும் இருந்தது. அந்த முனகல் இறங்கி, இனிமேல் காதுக்குக் கேட்காது என்கிற இடம்வரை போய், கழுத்தில் மட்டும் அதிர்ந்து நின்றது. அந்தப் பெண் பாடினாள். பேஸ் அவள்மேல் ஒரு துளி படவில்லை. இத்தனை வருஷம் நாங்கள் இரண்டு பேரும் எதற்காகச் சண்டை போட்டோமோ அது ஒன்றாக வந்திருந்தது. நான் கண்ணைத் திறக்காமலேயே, "இதுதான்டா" என்றேன்.

"உனக்குத்தான்க்கா. நீயே வெச்சுக்க."

எங்கள் வழக்கத்தில் அப்படி ஒன்று கிடையாது. கேட்டு முடித்ததும் எல்லாம் அவன் பைக்குத்தான் திரும்பும், அடுத்த மழைக்குத்தான் திரும்ப வரும். கண்ணைத் திறந்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு இயர்போன் டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

"அம்மா சொல்லியிருக்கும்ல? நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காதக்கா. ஒரு நாள் கூத்துதான். எனக்கு நீதான் அக்கா, அதுல என்ன மாத்தம் வந்துரப்போவுது?"

"அவுங்க சொல்லும்போது உன் வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"பொண்ணூட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்கன்னு பெரியப்பா சத்தம் போட்டாருக்கா. அம்மா அழுவுது. நான் என்னத்தப் பண்ண?"

"நான் அழுவ மாட்டேன்னு உனக்கு ஆரு சொன்னது?"

ரிக் வண்டியில் இருபது ஆளை மேய்க்கிறவன். டீசல் குறைந்தால் முதலாளி என்றும் பார்க்காமல் சட்டையைப் பிடிக்கிறவன். வீட்டில் ஒரு வார்த்தை சொல்ல ஊமைக்கோட்டான் ஆகிவிட்டான். கிடக்கிறது கிடக்கட்டும், கிழவியைத் தூக்கி மணையில் வை என்கிற கதையாக, பேஸ் நன்றாக இருக்கிற இயர்போனைத் தேடிப் பிடித்து என் காதை அடைக்க வந்திருக்கிறான். மாட்டிவிட்டு, நான் மயங்கி உட்கார்ந்திருக்கிற நேரம் பார்த்துச் சொல்லியிருக்கிறான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நின்றுகொண்டு என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கசந்திருக்காது.

கல்யாணத்துக்குப் போகாமல் இருந்திருக்கலாம். போனேன். போகாவிட்டால் அதையும் என் தலையில்தான் போடுவார்கள். இலை போடுவது, தண்ணீர் வைப்பது, எந்த வரிசைக்கு இன்னும் சாம்பார் போகவில்லை என்று பார்ப்பது என்று கீழே சாப்பாட்டுக் கூடத்தில் நின்றேன். மண்டபம் மேல்மாடியில். அங்கே அருமைக்காரர் என்ன சொல்கிறார், நாயனக்காரர் என்ன வாசிக்கிறார், ஒன்றும் கீழே கேட்கவில்லை. கான்கிரீட்டைத் தாண்டி இறங்கி வருவது பேஸ் ஒன்றுதான். தவிலின் தடித்த பக்கத்து அடி மட்டும் கூரை வழியாக, தூண் வழியாக, நான் சாய்ந்திருந்த சுவர் வழியாக வந்து முதுகில் அதிர்ந்தது. அது ஒருமுறை நின்று, மறுபடி வேகமாக எழுந்தபோது, பெரியப்பன் மகள் சேலையைப் பிடித்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன். எந்த இயர்போனிலும் அவ்வளவு ஆழமான பேஸ் நான் கேட்டதில்லை. நாசமாய்ப் போக என்று வாய்விட்டே சொன்னேன். சாதம் பரிமாறுகிறவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

தாலி கட்டியான பிறகு பந்தி நெருக்கியது. பெண் வீட்டுப் பக்கத்து அம்மா ஒருவர், நான் யாரென்று தெரியாதவர், இலையில் பாயசத்தை வழித்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். அந்த நேரம் பார்த்துத் தம்பியும் அவன் மனைவியும் மாலையோடு சாப்பிட வந்து, எதிர் வரிசையில் கைக்கெட்டுகிற தூரத்தில் உட்கார்ந்தார்கள்.

"ஏனம்மிணி, மாப்பளைக்குப் பெரியப்பன் புள்ளதான நின்னுச்சு? கூடப்பொறந்தவ ஆருமில்லீங்களா?"

தம்பி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். இப்போதாவது சொல்லுவான் என்று நான் காத்திருந்தேன். வாளியும் கரண்டியுமாக அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். அவன் குனிந்து இலையில் தண்ணீர் தெளித்தான்.

"இல்லீங்க," என்றேன். அவன் காதில் விழட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். "அவனுக்குக் கூடப்பொறந்தவ ஆருமில்லீங்க."