திரும்பிப் பார்க்காத அண்ணி

ஜீப்பின் முன்சக்கரத்தருகே முட்டி போட்டு, வால்வில் ஒரு குச்சியை அழுத்தி, உஸ்ஸென்று வெளியேறும் காற்றைக் காதுகொடுத்துக் கேட்கிறார் அண்ணி. அளவு பார்க்கும் கருவி பக்கத்திலேயே கிடக்கிறது. அதைக் கடைசியில்தான் எடுப்பார். "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... ம், போதும்டா தங்கம்" என்று சக்கரத்திடம் சொல்லிவிட்டு அடுத்த சக்கரத்துக்குத் தவழ்ந்து போகிறார். காற்றைக் குறைத்தால் டயர் அகன்றுகொடுத்து மணலில் புதையாமல் போகுமாம். எதிரே நிற்கிற மணல்மேட்டை அண்ணாந்து பார்க்கிறேன்.

"இதுலயா ஏறப்போறோம்?"

"சேச்சே, இதுல இல்ல தம்பி. இதுக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கு பாருங்க, அதுல."

வாரநாட்களில் அவரைப் பார்க்கிறவர்கள் இதை நம்பமாட்டார்கள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அண்ணியின் வேலை. தரைக்குக் கீழே, ஜன்னலே இல்லாத அறை. ஒல்லியான உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி, தேய்த்து மடிப்புக் கலையாத சட்டை. சாலையில் ஒரு வண்டியும் இல்லாவிட்டாலும் பச்சை விளக்கு எரிந்தால்தான் கடப்பார். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் யாராவது இறங்கினால் நடுவிலேயே நிறுத்திவைத்து, "இப்படி இறங்கினவங்கதான் தினம் என்கிட்ட படுத்துக் கிடக்கறாங்க" என்று திட்டுவார். "மூச்சை இழுங்க... பிடிங்க... அசையாதீங்க... விடலாம்." இதைத் தூக்கத்திலும் சொல்கிறார் என்பது அண்ணனின் புகார்.

அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நிதானமான மனிதர். மனைவியின் சாகசங்களில் தன் பதவி என்னவென்று கேட்டால், "சாப்பாட்டுப் பெட்டியைச் சிந்தாம பிடிச்சுக்கறது" என்பார். பள்ளிக்கூடம் போகிற மகள் ஒருத்தி. அப்பா பயப்படுவதைப் பார்த்துச் சிரிப்பதற்காகவே அவள் கூட வருகிறாள் என்று நினைக்கிறேன்.

இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று ஒருமுறை கேட்டேன். "நாள் பூரா எலும்பையே பாத்துட்டிருக்கேன் தம்பி. எலும்புக்கு மேல இருக்கற ஆளுங்க என்ன பண்ணுவாங்கன்னு பாக்கணும்ல?" என்றார்.

ஜீப் ஒரு பாறைச் சரிவில் சாய்ந்து, பின்சக்கரம் ஒன்று அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோது, எஞ்சினை அணைத்து, ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றியவர் அவர். நான் கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். "வண்டி எங்க நிக்குதுன்னு மூளைக்குத் தெரியணும். அதுக்கு ஒரு டீ நேரம் குடுக்கணும்" என்று ஒரு தம்ளரை என்னிடம் நீட்டினார். குடித்தேன். என் பல் தம்ளரில் தாளம் போட்டது. ஆனால் ஓடையைக் கடக்க வேண்டுமென்றால் அதே அண்ணி வண்டியை விட்டிறங்கி, ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் தானே போய் மறுகரையைத் தொட்டுவிட்டு வந்த பிறகுதான் ஸ்டியரிங்கைத் தொடுவார். நடக்க முடியாத தண்ணீரில் ஓட்டமாட்டார்.

படகிலும் அப்படித்தான். ஒற்றைப் பாய் கட்டிய சின்னப் படகு. நாலு பேர் உட்கார்ந்தால் முட்டியோடு முட்டி இடிக்கும். லைஃப் ஜாக்கெட்டின் பட்டைகளை அவரே ஒவ்வொருவருக்கும் இழுத்துப் பார்த்து, "மூச்சு விட முடியுதா? அப்போ இன்னும் இறுக்கலாம்" என்பார். அதன் பிறகு சுக்கானைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டால், கரையில் இருந்த அந்த ஜாக்கிரதைக்காரி எங்கே போனார் என்று தெரியாது. படகு ஒரு பக்கமாகச் சாய, தண்ணீர் விளிம்பை நக்க, அவர் மட்டும் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காற்று எங்கள் முதுகுப்பக்கமிருந்து வீசிக்கொண்டிருந்தது. பாய் அகல விரிந்து, படகு வழுக்கிக்கொண்டு போனது. அண்ணன் ரொட்டிப் பொட்டலத்தை என்னிடம் தருவதற்காகப் பாதி எழுந்தார். "உக்காருங்க!" என்று அண்ணி கத்தியதும் காற்று திசை மாறியதும் ஒன்றாக நடந்தன. பாயின் அடியிலிருக்கிற நீளக்கட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு விசிறியடித்து, அண்ணனின் தோளில் மோதியது. எலும்பில் கட்டை விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. மறுநிமிடம் அவர் உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருந்தது.

எங்களுக்குப் பின்னால், நுரைக்கு நடுவே, ஆரஞ்சு நிற ஜாக்கெட்டும் ஒரு தலையும் தெரிந்தன. அதற்குள் தூரம் விழுந்துவிட்டது.

அண்ணி மிதவை வளையத்தைத் தூக்கி அந்தப் பக்கம் எறிந்தார். மகளிடம், "அப்பாவையே பாரு. விரலை நீட்டிக் காட்டிக்கிட்டே இரு. என்ன ஆனாலும் கண்ணை எடுக்காத" என்றார். பிறகு சுக்கானைத் திருப்பினார். படகு பக்கவாட்டில் திரும்பி, வேகம் பிடித்து, அண்ணனை விட்டு இன்னும் தள்ளிப் போக ஆரம்பித்தது.

"அண்ணி! அண்ணன் அங்க இருக்கார்! எங்க போறீங்க?"

பாயைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், தண்ணீர்மேல் காற்று போட்ட கோடுகளைப் பார்த்தார். பின்னால் மட்டும் பார்க்கவில்லை.

"அம்மா, திருப்பும்மா! அம்மா!" மகளின் விரல் நீண்டபடியே இருந்தது. அலை எழும்போது அண்ணன் தெரியவில்லை. தாழும்போது ஒரு புள்ளியாகத் தெரிந்தார். இந்தப் பெண்மணிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன்.

திடீரென்று "தலையைக் குனிங்க" என்றார். பாய் மறுபக்கம் மாறியது. படகு வளைந்து திரும்பியது. மகளின் விரல் காட்டிய திசையில், வேகம் குறைந்து குறைந்து, பாயைத் தளர்த்திப் படபடக்கவிட்டு, கடைசியில் ஒரு மாடு வந்து தொட்டிப்பக்கம் நிற்பதுபோலப் படகு அண்ணனின் பக்கத்தில் வந்து நின்றது. காற்றுக்கு நேர் எதிரே பாய்ப்படகு போகாது என்பதும், தள்ளிப்போய்ச் சுற்றிவந்தால்தான் அவர் பக்கத்தில் நிறுத்தமுடியும் என்பதும் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

மூன்று பேருமாக இழுத்துப் போட்டோம். உதடு நீலம் பாய்ந்திருந்தது. வலது கை தொங்கியது. கரையிலிருந்து தார்ச்சாலை மேட்டைச் சுற்றிக்கொண்டு வெகுதூரம் போகிறது. அண்ணி சுற்றவில்லை. ஜீப்பை மணல்மேட்டின் மேலேயே விட்டார், எறும்பு ஊர்வதுபோல, அண்ணனின் தோள் அசங்காமல்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயும் அவரேதான் எடுத்தார். மருந்து வாடையடிக்கும் அந்த அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மூச்சைப் பிடிங்க. அசையாதீங்க."

"நான் எங்க அசையறது?" என்றது அண்ணனின் குரல். "நீதான் போய்ட்டியே."

பிறகு இயந்திரம் உறுமியது.

தோளெலும்பில் விரிசல். அது கூடிவிட்டது. கூடாதது வேறொன்று. அண்ணன் எப்போதும்போலக் கடைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். ஆனால் அண்ணி ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போனால் அவர் கண் பின்னாலேயே போகும். ஒருநாள் கடையில், கண்ணாடி ஒன்றைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "அவ செஞ்சதுதான்டா சரி. அது எனக்கும் தெரியும். ஆனா தண்ணிக்குள்ள இருந்து பாக்கறப்போ முதுகு மட்டும்தான் தெரிஞ்சுது. சின்னதாகிட்டே போச்சு. ஒரு தடவை திரும்பியிருக்கலாம்ல?"

மனசு கேட்காமல் அதை அண்ணியிடம் சொல்லிவிட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடினார்.

"திரும்பியிருந்தா கை ஆடியிருக்கும் தம்பி. கை ஆடினா சுக்கான் ஆடும்."

"இதை அவர்கிட்டயே சொல்லலாமே அண்ணி."

"சொன்னா 'சரி'ம்பார். எல்லாத்துக்கும்தான் சரிங்கறார்." குழாயை மறுபடி திறந்தார்.

கை நன்றாகத் தேறியபின் ஒரு காலையில் மறுபடியும் நாலு பேரும் படகில் போனோம். போகவேண்டாம் என்று சொல்ல எனக்குத்தான் தைரியமில்லை. இளங்காற்று, மெல்லிய அலை. "இன்னிக்கு நீங்க பிடிங்க" என்று அண்ணனைச் சுக்கானில் உட்காரவைத்தார் அண்ணி. அண்ணனுக்குப் படகோட்டத் தெரியும். பெட்டியைப் பிடித்துக்கொள்வது அவருக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். கரை நன்றாகப் பின்தங்கியபிறகு, அண்ணி தன் ஜாக்கெட் பட்டைகளை இழுத்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மகளின் மடியில் வைத்தார். பிறகு விளிம்பில் உட்கார்ந்தவாறே பின்பக்கமாகச் சாய்ந்து தண்ணீரில் விழுந்தார்.

மகள் அலறினாள். "ஏய்! என்ன பண்றே நீ!" என்று அண்ணன் எழப் பார்த்து, எழாமல் உட்கார்ந்தார்.

முதலில் அண்ணியைப் பார்த்து நேராகப் படகைத் திருப்பினார். பாய் படபடத்து, படகு காற்றில் முட்டிக்கொண்டு நின்றது. பின்னுக்கு நகர்ந்தது. அண்ணனின் முகம் வெளுத்தது. வாய்க்குள் என்னவோ திட்டினார், மனைவியையா காற்றையா தெரியாது. அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு சுக்கானைத் தள்ளினார். படகு பக்கவாட்டில் ஓடத் தொடங்கியது, அண்ணியை விட்டு விலகி.

"அப்பா, அம்மா பின்னாடி..."

"தெரியும். நீ பாத்துக்க" என்றார். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. முகம் பாயின் மேலேயே இருந்தது. வெகுதூரம் போய்விட்டோம் என்று எனக்குப் பட்டது. தேவைக்கு மேலேயே போயிருப்போம். திரும்பும்போது பாதிவழியில் ஒருதரம் தவறி, மறுபடியும் சுற்றவேண்டி வந்தது. அவர் தாடையிலிருந்து வியர்வை சொட்டியது.

கடைசியில் கிட்டத்தில் வந்தோம். பாய் தளர்ந்து படபடத்தது. அண்ணி கையை ஆட்டவில்லை, கூப்பிடவில்லை, நாங்கள் எந்தப் பக்கம் வருகிறோம் என்று தலையைத் தூக்கிப் பார்க்கவும் இல்லை. இரண்டு கையையும் தலைக்கடியில் கோத்து, கண்களை மூடி, மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார்.