இல்லாத கிட்னியில் ஒரு கட்டி

ஸ்கேன் சென்டரில் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘எதுக்கும் அக்கா’. பூட்டிய கதவை, “எதுக்கும் ஒரு தடவை பாத்துடறேன்” என்று இழுத்துப் பார்ப்பாள். இழுத்த இழுப்பில் பூட்டு தளர்ந்திருக்குமோ என்று மறுபடியும் இழுப்பாள். பஸ் ஏறினால், சரியான பஸ்தானா என்று கண்டக்டரிடம் கேட்டுவிட்டு, கண்டக்டருக்குத் தெரியுமா என்று பக்கத்து சீட்டிலும் கேட்பாள். “பயப்படறதுக்குப் போட்டி வெச்சா நீ ரெண்டாவதாத்தான் வருவ. எங்க முதல்ல வந்துடுவோமோன்னு பயந்துடுவ” என்பான் அவள் கணவன்.

இப்படிப்பட்டவளிடம்தான் ஊராருடைய வயிறும் நெஞ்சும் பதினோரு வருஷமாக வந்து சேர்ந்துகொண்டிருந்தன. டாக்டர் உள்ளே இருட்டறையில் ஸ்கேன் படங்களைப் பார்த்துப் பேசிப் பதிவு செய்வார். அவள் வெளியே ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு அதைக் கேட்டு ரிப்போர்ட் அடிப்பாள். டாக்டருக்குப் பேச்சு பாதி, முனகல் பாதி. “ம்ம்... கல்லீரல்... ம்ம்... நல்லா இருக்கு, கமா, பித்தப்பை... எங்க அது... ஆங், இருக்கு, முற்றுப்புள்ளி.” வரவேற்பு மேஜைப் பெண் இதை அப்படியே செய்து காட்டுவாள். அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர். எந்தக் குரலும் அவள் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அன்று காலை பத்தரை மணிக்கு ஒரு பெண் தன் அம்மாவின் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

“இத அடிச்சது யாருங்க?”

எதுக்கும் அக்கா எழுந்து நின்றாள். “நான்தாங்க.”

“வலது பக்கம் கிட்னி இல்லைன்னு மேல போட்டிருக்கீங்க. சரி. பன்னெண்டு வருஷம் முன்னாடியே எடுத்தாச்சு. கீழ பாருங்க, வலது கிட்னியோட மேல்முனையில மூணு சென்டிமீட்டர் கட்டின்னு இருக்கு. இல்லாத கிட்னியில கட்டி எப்படிங்க வரும்?”

ரேடியோவுக்குச் சிரிப்பு வந்து, அக்காவின் முகத்தைப் பார்த்ததும் வந்த வழியே போய்விட்டது.

டாக்டர் வெளியே வந்து படத்தைப் பார்த்து, அந்த வரியைக் கோடு போட்டு நீக்கிவிட்டு, வேறு ரிப்போர்ட் கொடுக்கச் சொன்னார். அந்தப் பெண் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். மற்றவர்களுக்கு விஷயம் அதோடு முடிந்தது. எதுக்கும் அக்காவுக்கு அங்கேதான் ஆரம்பித்தது.

ஏனென்றால் அந்த வரி எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் முதலிலிருந்து யாரும் அடிப்பதில்லை. அதே மாதிரிப் பழைய ரிப்போர்ட் ஒன்றைத் திறந்து, பெயரை மாற்றி, வயதை மாற்றி, வித்தியாசப்படும் வரிகளை மட்டும் மாற்றி, புது நம்பரில் சேமித்துக்கொள்வார்கள். ‘மேல ஏத்தறது’ என்று அதற்குப் பெயர். அப்படி ஏற்றும்போது பழைய ஆளின் வரி ஒன்று இறங்காமல் உட்கார்ந்துவிட்டது. அவள் இரண்டு தடவை சரிபார்க்கிறவள்தான். ஆனால் டாக்டர் சொன்னதெல்லாம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பாள். அவர் சொல்லாதது எதுவும் இருக்கிறதா என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

எதன் மேல் எதை ஏற்றினாள்? அந்தக் கட்டியின் உண்மையான சொந்தக்காரர் போன வாரம் வந்தவரா, போன வருஷம் வந்தவரா? அவருக்கும் இந்த அம்மாவுக்கும் நடுவில் எத்தனை பேர் வயிற்றில் அந்த வரி ஏறி இறங்கியது? கிட்னியே இல்லாததால் இந்த அம்மா தப்பித்தார். கிட்னி இருக்கிறவர்கள் நம்பியிருப்பார்களே! எங்கேயோ ஒருவர், நல்ல கிட்னியை வைத்துக்கொண்டு, ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு உட்கார்ந்திருந்தால்?

கடைசிக் கேள்வியை அவள் வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

“அக்கா, கம்ப்யூட்டர்ல தேடிப் பாத்துட்டாப் போச்சு” என்றாள் ரேடியோ. “அந்த வரியை அப்படியே போடுங்க. எந்த ரிப்போர்ட்லல்லாம் இருக்கோ வந்து நிக்கும்.”

ரிப்போர்ட் ஃபோல்டரில் ஆறாயிரத்துச் சொச்சம் ஃபைல்கள். ஒவ்வொன்றுக்கும் பெயராக ரசீது நம்பர் மட்டும். நோயாளியின் பெயரை வெளியே தெரிய வைக்கக் கூடாது என்று அதையும் அவள்தான் ஏற்படுத்தியிருந்தாள். தேடும் கட்டத்தில் வரியை அடித்து, இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டு, தட்டினாள்.

பச்சைக் கோடு ஒன்று மேலே ஓடியது. ஓடி முடிந்தது. எதுவும் கிடைக்கவில்லை என்று வந்தது.

“பாத்தீங்களா!” ரேடியோ கையைத் தட்டினாள். உடனே டாக்டரானாள். “ம்ம்... பயம்... ம்ம்... தேவையில்லை, முற்றுப்புள்ளி.”

எதுக்கும் அக்காவுக்கு மூச்சு வந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். இரண்டாவது டம்ளரைப் பாதியில் நிறுத்தினாள்.

“ஏய், ஒண்ணுமே வரலையே.”

“அதான் சந்தோஷப்படுங்க.”

“ஒண்ணாவது வரணும்டி. இப்பப் போனாங்களே, அவங்க அம்மா ரிப்போர்ட்டு, பழசு, இன்னும் இதுக்குள்ளதானே கிடக்கு? அதாவது வரணுமே!”

ரேடியோ எட்டி ஸ்கிரீனைப் பார்த்தாள்.

அக்கா ஓடி வந்து உட்கார்ந்தாள். டாக்டரின் பெயரை அடித்துத் தேடினாள். எல்லா ரிப்போர்ட்டின் அடியிலும் இருக்கிற பெயர். எதுவும் கிடைக்கவில்லை. ‘வயிறு’ என்று தேடினாள். கிடைக்கவில்லை.

“ஆறாயிரம் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்ட மனுசன் இந்த உலகத்துலயே இல்லையாம்” என்றாள் ரேடியோ. இந்தத் தடவை சொந்தக் குரலில், மெதுவாக.

அப்படியென்றால் முதலில் வந்த ‘இல்லை’யும் பொய். அந்தப் பொய்யை நம்பித்தான் தண்ணீர் குடித்திருக்கிறாள். கம்ப்யூட்டர் ரிப்பேர்காரருக்குப் போன் போட்டாள். அவருக்கு ‘சரியா’ போடாமல் பேச வராது.

“ஃபைல் நம்பர் போட்டா வருதா மேடம்? போட்டுப் பாருங்க, சரியா?”

போட்டாள். வந்தது.

“அப்ப வெளிய இருக்கற பேரைப் பாக்குது, உள்ள இருக்கற எழுத்தைப் படிக்கல. ஃபோல்டர் மேல ரைட் கிளிக் பண்ணுங்க, கடைசில ப்ராப்பர்ட்டீஸ், அதுல அட்வான்ஸ்டு, சரியா? உள்ள இருக்கறதையும் படிச்சு வைக்கவான்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல டிக் இருக்கா?”

“இல்ல தம்பி. யாரு எடுத்தாங்க?”

“மேடம்... நீங்கதான். எட்டு மாசம் முன்னாடி. பேர் போட்டா யாரோட வியாதியும் வெளிய வரக் கூடாது, எதுக்கும் நிறுத்தி வெச்சுடலாம்னு கேட்டீங்க. நான்தான் போன்ல வழி சொன்னேன், சரியா?”

ரேடியோ தலையைக் குனிந்துகொண்டாள். அவள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ஒரு தடவை இங்கே ஸ்கேன் எடுத்திருந்தார். ரேடியோ அவர் பெயரைத் தேடி, அவருடைய குடலிறக்கத்தையும் கல்லையும் படித்து, வாடகை கேட்கும் அவர் குரலிலேயே செய்து காட்டிச் சிரிக்க வைத்தாள். எல்லாரோடும் சேர்ந்து சிரித்துவிட்டு, அன்று சாயங்காலமே எதுக்கும் அக்கா அந்த டிக்கை எடுத்தாள். எல்லாரும் பத்திரமாக இருக்க வேண்டும் என்று. அந்தப் பத்திரம்தான் இப்போது கழுத்தைப் பிடிக்கிறது.

“டிக் போடுங்க. உள்ள இருக்கற எல்லா ஃபைலுக்கும்னு கேக்கும், ஆமான்னு சொல்லுங்க. அது இனிமே ஒவ்வொண்ணாப் படிக்கும். மீதி எத்தனைன்னு எங்க காட்டும்னு சொல்றேன். ரெண்டு மூணு மணி நேரம் ஆகலாம், சரியா?”

“அதுவரைக்கும் தேடக் கூடாதா?”

“தேடலாம். வந்தா நம்புங்க. வரலைன்னா நம்பாதீங்க. அது இல்லைன்னு சொன்னா, நான் படிச்ச வரைக்கும் இல்லைன்னு அர்த்தம்.”

அதற்கு மட்டும் ‘சரியா’ போடவில்லை.

மீதி ஆறாயிரத்து நூற்று நாற்பது. வேலைக்கு நடுவே வந்து வந்து பார்த்தாள். ஐயாயிரத்து எண்ணூறு. மீண்டும் அந்த வரியைத் தேடினாள். இல்லை. நம்பவில்லை. நாலாயிரத்து ஐந்நூறு. தேடினாள். ஒன்று வந்தது. காலையில் வந்த பெண்ணுடைய அம்மாவின் ரிப்போர்ட். கம்ப்யூட்டருக்குக் கண் தெரிந்துவிட்டது என்று பாதி நிம்மதி. தெரிந்துவிட்டதே என்று பாதி நடுக்கம். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, மூடி, பைக்குள் வைத்தாள். மூவாயிரத்து இருநூறில் இரண்டாவது வந்தது. ஐந்து வாரத்துக்கு முந்தைய ரிப்போர்ட். டாக்டர் படத்தை எடுத்துப் பார்த்தார்.

“ம்ம்... இவருக்கு நிஜமாவே இருக்கு. இவர்தான் அது.”

உண்மையான சொந்தக்காரர். இந்த இரண்டோடு நின்றுவிட வேண்டும் என்று ஸ்கிரீனைப் பார்த்துக் கும்பிடாத குறையாக உட்கார்ந்திருந்தாள். மீதி ஆயிரத்துத் தொள்ளாயிரம். தேடினாள்.

மூன்று.

ஐயாயிரத்து எழுநூற்றுப் பதினேழாம் நம்பர். ஆண், வயது ஐம்பத்திரண்டு. பத்தொன்பது நாளைக்கு முன்பு வந்தவர். டாக்டர் படத்தை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“கட்டி இல்ல” என்றார். “சுத்தமா இருக்கு.” பிறகு தன் கையெழுத்தையும் பார்த்தார். படிக்காமல் போட்ட கையெழுத்து. “ம்ம்... நீங்களே போன் பண்ணிடுங்க.” ரேடியோ இதைப் பிற்பாடுகூடச் செய்து காட்டியதில்லை.

பதிவேட்டில் அவருடைய போன் நம்பர் இருந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரியில் இருக்கிறாரோ? உள்ளே கொண்டு போய்விட்டார்களோ? இரண்டாவது தடவையும் யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை ஒரு குரல் மூச்சிரைக்க வந்தது.

“யாருங்க? ஏணி மேல இருக்கேன், சட்டுன்னு சொல்லுங்க.”

“ஐயோ, இறங்குங்க! முதல்ல இறங்குங்க. மெதுவா இறங்குங்க.”

“யாரும்மா நீ?”

“இறங்கின அப்புறம் சொல்றேங்க.”

ஏணிப்படி ஒவ்வொன்றும் கிறீச்சிட்டது அவள் காதில் விழுந்தது. ஏழு எண்ணினாள். தரையில் கால் வைத்த சத்தம் கேட்ட பிறகு, எந்த ஸ்கேன் சென்டர், எந்த ரிப்போர்ட், யாருடைய வரி, யாருடைய தப்பு, எல்லாவற்றையும் சொன்னாள். ‘என் தப்பு’ என்பது அவருக்குச் சரியாகக் கேட்டிருக்காதோ என்று தோன்றியது. திருப்பிச் சொன்னாள்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“ஐயா? இருக்கீங்களா? ஆபரேஷன் எதுவும்...”

“டாக்டர்கிட்டயே போகலம்மா” என்றார் அவர். “எங்க தெருக் கடைக்காரப் பையன் நெட்டுல படிச்சுச் சொன்னான். ரிப்போர்ட்டை மடிச்சு பெயிண்ட் டப்பாவுக்கு அடில வெச்சுட்டேன். வீட்ல யார்கிட்டயும் சொல்லல. நான் பெயிண்டர். ஊர் வீட்டுக்கெல்லாம் அடிக்கறவன், சொந்த வீட்டைப் பாக்க மாட்டேங்கறானேன்னு பொண்டாட்டி இருபது வருஷமாச் சொல்றா. சரி, போறதுக்குள்ள முடிச்சுடுவோம்னு... பத்தொன்பது நாளா அதைத்தான் அடிச்சிட்டிருக்கேன்.”

அவள் ஸ்கிரீனில் இருந்த அந்த வரியைப் பார்த்தாள்.

“அம்மா.”

“சொல்லுங்க.”

“எதுக்கும் இன்னொரு தடவை பாத்துச் சொல்றீங்களா?”

தினமும் அவள் பத்துப் பேரிடம் சொல்கிற வார்த்தை. இன்னொருவர் வாயில் அதைக் கேட்டது இதுதான் முதல் தடவை. போனைக் கீழே வைக்காமல் இருட்டறைக்கு எழுந்து போனாள். டாக்டர் ஒன்றும் முனகவில்லை. மறுபடி படத்தைப் போட்டு, மேலிருந்து கீழே பார்த்து, போனைத் தானே வாங்கினார்.

“கட்டி இல்லைங்க. நாளைக்கு வாங்க. உங்க எதிர்லயே மறுபடி எடுத்துக் காட்டறேன்.”

போன் அவள் கைக்குத் திரும்பி வந்தபோது தூரத்தில் ஒரு பெண் குரல், “என்னங்க, பாதி சுவத்துல நிறுத்திட்டீங்க?” என்றது.

“ஒண்ணுமில்ல, கால் மரத்துப் போச்சு” என்றார் அவர்.

சாயங்காலம் ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மீதி பூஜ்யம் ஆனது. டாக்டர் பெயரைத் தேடினாள். அத்தனையும் வந்தன. அந்த வரியைத் தேடினாள். மூன்று. மேற்கோள் குறியை எடுத்துவிட்டுத் தேடினாள். ‘கட்டி’ என்று மட்டும் தேடி, வந்ததை ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தாள். “போதும்க்கா, வாங்க போலாம்” என்று ரேடியோ கூப்பிட்டாள். அவள் எழுந்திருக்கவில்லை. ரேடியோ பையைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அடுத்த நாள் காலை எதுக்கும் அக்கா முதல் பதிவைக் காதில் மாட்டினாள். “ம்ம்... வயிறு...” பழைய ரிப்போர்ட்டின் மேல் போன கையை இழுத்துக்கொண்டாள். வெறும் பக்கம் ஒன்றைத் திறந்தாள். அது அவ்வளவு வெள்ளையாக இருந்ததே அவளுக்குப் பயமாக இருந்தது. அடிக்க ஆரம்பித்தாள்.