சட்டிக் கோபுரம் திருத்திய காலம்

தொலைபேசியைக் காதில் வைத்ததும் முதலில் 'சோ' என்ற இரைச்சல்தான் கேட்கும். நான் சொன்ன 'ஹலோ' எனக்கே ஒருமுறை திரும்பி வந்து, அதற்குப் பிறகுதான் கொழும்பிலிருந்து அண்ணனின் குரல் மெல்ல வந்து சேரும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் ஏதோ ஒரு கடையில் நின்று எடுக்கும் அந்த அழைப்புக்காக, வெம்பிளியில் எங்கள் மாடி வீட்டில், முழுகிய தலை காயும் முன்பே தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். அப்பா, அம்மா, நான் மூவரும் லண்டன் வந்துவிட்டோம். விசா கிடைக்காத அண்ணன் கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கி, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனின் சொல்லுக்காகக் காத்திருந்தான். அவன் வந்து சேர வேண்டும் என்பதைத் தவிர அந்த வீட்டில் வேறு பேச்சே இருக்கவில்லை.

எங்கள் சமையலறை யன்னலால் பார்த்தால், தூரத்தில் நகரத்தின் நடுவே அந்தத் தொலைத்தொடர்புக் கோபுரம் தெரியும். சட்டிகளை அடுக்கி வைத்தது போல அதைச் சுற்றிப் பெரிய பெரிய அலைவாங்கிகள் இருந்ததால் நான் அதற்குச் 'சட்டிக் கோபுரம்' என்று பெயர் வைத்திருந்தேன். அண்ணனின் குரல் அந்தச் சட்டிக்குள் விழுந்துதான் எங்கள் வீட்டுக்கு வருகிறது என்று அப்பா சொன்னார், நானும் நம்பினேன். அவருக்கு அதன் சரித்திரம் முழுவதும் தெரியும்: உச்சியில் உணவகம் ஒன்று சுழன்றுகொண்டிருந்தது, பிறகு குண்டு வெடித்தது, அதன்பின் காலப்போக்கில் சனத்தை மேலே விடுவதையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் அவருக்கு மிகவும் பிடித்தது, ஒரு காலத்தில் நகரத்திலேயே உயரமாக நின்ற அதை அரசாங்க இரகசியம் என்று வெகுநாள் வரைபடத்தில் போடாமல் விட்ட கதைதான். "ஊர் முழுக்கப் பாத்துக்கொண்டு நிக்குது, இவங்கள் ஒளிச்சு வைச்சிருக்கிறாங்களாம்" என்று வருகிற ஆட்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு ஞாயிறு அழைப்பு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. "கோபுரத்தைத் திருத்துகினம், பிள்ளை. முடிய அண்ணை எடுப்பான்" என்றார் அப்பா. அம்மா எழும்பாமல் படுத்துக் கிடந்து அழுதார். கேட்டபோது, ஊரில் ஒரு பெரியப்பா செத்துப்போனார் என்றார்கள். நான் முகமே கண்டிராத பெரியப்பா. வந்தவர்கள் எல்லோரும் என் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள், எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு முப்பத்தோராம் நாள் சடங்கான 'அந்தியேட்டி' வந்தது. இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைத்துவிட்டு, அதையே எல்லோரும் சாப்பிடுவது எங்கள் வழக்கம். வால்தம்ஸ்டோவிலிருந்து வந்த சித்தி கத்தரிக்காய்க் குழம்பு வைத்து, பயற்றம் உருண்டையும் பிடித்திருந்தார். உருண்டையை வாயில் போட்டுக்கொண்டே, "பெரியப்பாவுக்கும் அண்ணையைப் போல இது விருப்பமோ?" என்று கேட்டேன். சித்தி தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அப்பாதான், "ஓம்" என்றார். நான் இன்னும் ஒன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு சித்தி வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போகவே இல்லை. யன்னலடியில் நின்று, கோபுரத்தில் யாராவது ஏறித் திருத்துகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். நான் வளர்ந்து தனியாக பஸ் ஏறத் தொடங்கிய ஒருநாள், யாரிடமும் சொல்லாமல் சித்தி வீட்டுக்குப் போனேன். முன்னறைச் சுவரில் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தான், படத்துக்கு மாலை போட்டு, கீழே சின்னச் சிவப்பு பல்ப் எரிந்தது. கொழும்பிலிருந்து ஊருக்கு ஒருக்கால் போய்வரப் புறப்பட்டவன், நேவி வள்ளங்களைச் சுடும் கடலேரியைத் தாண்டவில்லை என்று சித்திதான் சொன்னார். "சின்னப் பிள்ளை தாங்காது, சொல்ல வேண்டாம் எண்டு உன்ரை அப்பாதான் சொன்னவர்" என்றார். நான் அவனுக்காக ஒரு துளி அழாமல் அவனுடைய படையலைச் சாப்பிட்டிருக்கிறேன். சாப்பிட விட்டிருக்கிறார்கள். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது, எனக்கு மட்டும் ஒளித்து வைத்திருந்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அண்மையில் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு அந்தக் கோபுரத்தடியால் பஸ்ஸில் போனேன். சட்டிகளை எப்போதோ கழற்றிவிட்டார்கள். அவை இருந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது. கோபுரத்தையே விற்றுவிட்டார்களாம். "இதை ஹோட்டல் ஆக்கப் போகினமாம்" என்றார் அப்பா. எங்கள் வீட்டில் அண்ணனின் படம் இன்றுவரை மாட்டப்படவில்லை, நான் அறிந்துகொண்டது அவருக்குத் தெரிந்த பிறகும் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போதாவது சொல்லட்டும் என்றுதான் கேட்டேன்.

"திருத்தி முடிஞ்சுதோ, அப்பா?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி, "ஓம்" என்றார். பயற்றம் உருண்டைக்குச் சொன்ன அதே 'ஓம்'.