சூப்பருங்க

சிங்காநல்லூரில் ஒரு பம்புசெட் கம்பெனியில் வேலை செய்கிறேன். தலைமையில் இருப்பவரின் உற்சாகம் தொழிலாளிகளையும் தொற்றிக்கொள்ளும் என்று எங்கேயோ ஒரு வகுப்பில் கேட்டுவிட்டு வந்தார் எங்கள் மேனேஜர். அன்றிலிருந்து தினமும் காலையில் கைதட்டல், கட்டாயச் சிரிப்பு. ‘ஆகாது’ என்ற சொல்லுக்குத் தடை. எதைக் கேட்டாலும் ‘சூப்பருங்க’ என்றுதான் சொல்ல வேண்டும்.

மரியாதைக்குப் பேர்போன ஊர் இது. அப்படியே சொன்னோம். கக்கூஸில் தண்ணீர் வராவிட்டாலும் சூப்பருங்க.

ஒரு நாள், பெடலை மிதித்தால் மேலிருந்து இறங்கித் தகடு வெட்டும் பிரஸ் மெஷினை ஓட்டும் சக்திவேலிடம், “மெஷின் எப்படி?” என்றார். முகம் வெளிறிப்போய், “சூப்பருங்க” என்றான் அவன். மேனேஜர் அவன் தோளைத் தட்டிவிட்டுப் பூரிப்போடு நகர்ந்தார். அந்த முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

பின்னால் வந்த சூப்பர்வைசர் மல்லிகா அக்கா பார்த்தார்.

“ஏங் கண்ணு, நெசமாச் சொல்லு.”

“பெடல மிதிக்காமயே எறங்குதுங்க்கா.”

அக்கா உடனே மெயின் சுவிட்சை அணைத்தார். “இதைச் சொன்னா ஒன்னும் ஆகாதுங் கண்ணு. நானாச்சு.”

தடை செய்த அந்தச் சொல் எங்களுக்கு அவ்வளவு தெம்பாகக் கேட்டது. ஒவ்வொருவராக வாய் திறந்தோம். பழுதெல்லாம் சரியானது, வேலையும் சுறுசுறுப்பாக ஓடியது.

எல்லாம் தன் உற்சாகத்தால் வந்தது என்று மேனேஜர் மறுபடி கைதட்டச் சொன்னார். சக்திவேலும் தட்டினான். தட்டுவதற்கு அவனுக்குப் பத்து விரலும் மிஞ்சியது யாரால் என்று அந்த ஆளுக்கு இன்றுவரை தெரியாது.